வாசகர் கேள்விகள்: மழைக்காட்டுத் தரைவண்டு எதைத் தின்கிறது?

கேள்வி: வால்பாறைப் பக்கத்து மழைக்காட்டில் மக்கிய கட்டையைப் புரட்டினால் கறுப்பு வண்டுகள் சிதறி ஓடுகின்றன. எல்லாமே தரைவண்டுதானா?

பதில்: இல்லை. மக்கிய மரத்தில் வாழும் கருவண்டுகளும் அதே நிறம்தான். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். வண்டை மல்லாத்திப் பிடித்து மூன்று ஜோடிக் கால்களின் நுனிக் கணுக்களை எண்ணுங்கள். முன், நடு, பின் கால் என்ற வரிசையில் தரைவண்டுக்கு 5-5-5, கருவண்டுக்கு 5-5-4. கால்நுனி உதிர்ந்துபோன வண்டில் இந்தக் கணக்கு ஏமாற்றும். அப்போது பின்காலின் அடித்தட்டைப் பாருங்கள். தரைவண்டில் அது வயிற்றின் முதல் வளையத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு பின்னால் நீண்டிருக்கும். அதை ஒட்டி அவரை விதை போல ஒரு புடைப்பும் தெரியும்.

கேள்வி: தரைவண்டு என்றால் புழு பூச்சியைப் பிடித்துத் தின்னும் என்றுதானே படித்திருக்கிறோம்?

பதில்: வயலுக்கு அது சரி. நெல்லில் ஒஃபியோனியா என்ற தரைவண்டு இலைச்சுருட்டுப் புழுவின் மடிப்புக்குள்ளேயே புகுந்து நாளைக்கு 3 முதல் 5 புழுக்களைத் தீர்த்துவிடும். மழைக்காட்டில் கதை வேறு. தாழ்நில மழைக்காட்டுத் தரையில் வேட்டை பெரும்பாலும் எறும்புகளின் கையில். வண்டுகள் பலவும் மரத்துக்கு ஏறிவிட்டன, அல்லது எறும்பு கண்டுகொள்ளாத சாப்பாட்டைப் பிடித்துக்கொண்டன.

நல்ல எடுத்துக்காட்டு, அமேசான் காட்டிலும் பனாமாவிலும் உள்ள நோட்டியோபியா என்ற தரைவண்டு. அத்தி மரத்தடியில் பழம் கொட்டியதும் இவை பறந்து வந்து சேரும். வண்டும் தின்னும், அங்கேயே முட்டையிட்டு அதன் புழுவும் தின்னும். தின்பது சதையை அல்ல, கடுகை விடச் சின்ன விதையை. சில இனங்கள் அத்தியை நம்பும், வேறு சில மெலஸ்டோமா என்ற தாவரக் குடும்பத்து விதைகளை நம்பும். ஒரு மரத்தடியில் பழம் சில வாரம்தான் கிடக்கும். அடுத்த மரம் எங்கே பழுத்திருக்கிறது என்று தேடிப் போக வேண்டும். அதனால்தான் இவற்றின் இறக்கை சுருங்காமல் இருக்கிறது.

இன்னும் விசித்திரமான சாப்பாட்டுக்காரர்களும் உண்டு. சூடான நீரைப் பீச்சும் பாம்பார்டியர் வண்டுகள் சிலவற்றின் புழு பிள்ளைப்பூச்சி முட்டையைத் தின்று வளரும். ஓர்த்தோகோனியஸ் என்ற தரைவண்டின் புழு கறையான் புற்றுக்குள் குடியிருக்கும். மலேசிய, இந்தோனேசியக் காடுகளின் வயலின் வண்டு இலைபோலத் தட்டையானது. அதன் புழு மரத்தில் வளரும் தட்டுக்காளானுக்குள் வளர்கிறது.

கேள்வி: கல்லூரி ஆய்வுக்காகக் குழிப்பொறி (ஓடும் பூச்சி விழும்படி மண்ணில் புதைத்த டம்ளர்) வைக்கிறோம். மழை வந்தால் எல்லாம் மிதந்து வெளியே வந்துவிடுகிறது.

பதில்: முதலில், காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு டம்ளர்கூடப் புதைக்காதீர்கள்.

8 செ.மீ. வாயகலமுள்ள பிளாஸ்டிக் டம்ளர் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக வையுங்கள். வெளி டம்ளரின் அடியில் ஓட்டை போடுங்கள். போடாவிட்டால் ஊறும் நீர் உள் டம்ளரை மேலே தள்ளும். உங்களுக்கு நடப்பது அதுவாகத்தான் இருக்கும். மேலே 3 செ.மீ. உயரத்தில் 15 செ.மீ. சதுரத் தகட்டைக் கூரையாக நிறுத்துங்கள். விளிம்பு மண்ணுக்கு மேல் துருத்தினால் வண்டு சுற்றிக்கொண்டு போய்விடும். மண்ணை அணைத்துச் சமமாக்குங்கள். தவளை விழாமலிருக்க 1.5 செ.மீ. கண்ணுள்ள கம்பிவலையை வாயில் போடுங்கள். பெரிய வண்டு ஒன்றிரண்டு தப்பினால் பரவாயில்லை.

புதைத்த முதல் வாரம் மூடியே வையுங்கள். கிளறிய மண் வண்டுகளை இழுக்கும், அந்த எண்ணிக்கையை நம்ப முடியாது. பொறிகளுக்கு இடையே 10 மீட்டராவது விடுங்கள். இன்னொன்று: பொறியில் அதிகம் விழுவது அதிகம் ஓடும் வண்டு. அதுவே அதிகம் இருக்கும் வண்டு என்று எழுதிவிடாதீர்கள். மரத்து வண்டுகளோ அநேகமாக விழவே விழாது. தரைவண்டு நிபுணர் டெர்ரி எர்வின் பனாமாவில் ஒரே வகை மரம் 19-இன் உச்சியில் பூச்சிமருந்துப் புகை விட்டு, சுமார் 1,200 வகை வண்டுகளைக் கீழே விழவைத்துச் சேகரித்தார். 1982-இல் அதை வெளியிட்டார். குழிப்பொறியை மட்டும் நம்பினால் எவ்வளவு தவறும் என்று பாருங்கள்.

கேள்வி: வயிற்றை அறுத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. பட்டினியா?

பதில்: அவசரப்படாதீர்கள். வேட்டை வண்டுகள் பல, செரிமான நீரை இரைமேல் கக்கி, கரைந்ததை உறிஞ்சும். துண்டு எதுவும் மிஞ்சாது. தாடையைப் பாருங்கள்: நீண்டு அரிவாளாக இருந்தால் பெரும்பாலும் வேட்டை, குட்டையாகத் தடித்திருந்தால் விதை.

வயிற்று ஆய்வுக்கு, வண்டைக் கொல்லும் மருந்து ஊற்றாத பொறியே வேண்டும். தினமும் காலையில் காலி செய்யுங்கள். ஒரே டம்ளரில் விட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும், நீங்கள் அதைக் காட்டுச் சாப்பாடு என்று குறிப்பீர்கள். ஒரு வண்டுக்கு ஒரு குப்பி, 95 சதவீத ஆல்கஹால்.

உயிருள்ள வண்டு கிடைத்தால் 9 செ.மீ. பெட்ரி தட்டில் (ஆய்வகத்து வட்டத் தட்டு) ஈரத்தாள் விரித்து, ஒரு நாள் பட்டினிக்குப் பிறகு 20 அத்தி விதையும் ஒரு சிறு புழுவும் சேர்த்து வையுங்கள். ஒன்றை மட்டும் வைத்தால் பசியில் எதையும் கடிக்கும். வண்டில்லாத தட்டு ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும், ஈரத்தில் தானாக வெடிக்கும் விதையைக் கழிக்க. எடை போடாதீர்கள், விதை நீரை உறிஞ்சிக் கனக்கும். காலி ஓடுகளை எண்ணுங்கள்.

கேள்வி: ஒரு வண்டைப் பிடித்ததும் 'பட்' என்று வெடித்து விரல் சுட்டது. தோல் பழுப்பாகிவிட்டது. பயப்பட வேண்டுமா?

பதில்: பாம்பார்டியர் வண்டு. வயிற்று நுனியில் ஹைட்ரோகுயினோன், ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற இரண்டு வேதிப்பொருள்கள் கலந்து வினைபுரிந்து, ஏறக்குறைய 100 டிகிரி சூட்டில் பீச்சும். தண்ணீரில் கழுவுங்கள். கறை சில நாளில் போய்விடும். அந்தக் கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள்.