ஒரே இடத்தில் ஒரே பிழை

அன்புள்ள ஐயா,

என் மகள் சி.பி.எஸ்.இ. பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பரிணாமம் பற்றிய பகுதியை அவர்களுடைய அறிவியல் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதையொட்டி வீட்டில் பேச்சு வந்தது. "உயிர்களுக்குள் ஒற்றுமை இருக்கிறது, சரி. படைத்தவன் ஒருவன் என்றால் படைப்புகளில் ஒற்றுமை இருக்கத்தானே செய்யும்? அதை வைத்து எல்லாம் ஒரே வம்சம் என்று எப்படிச் சொல்ல முடியும்? குரங்கு மனிதனாக மாறியதை யார் பார்த்தது?" என்று என் தம்பி கேட்டான். அவன் பொறியாளர். என் மாமனார் ஒரு படி மேலே போய், தசாவதாரத்திலேயே பரிணாமம் இருக்கிறது, டார்வின் புதிதாக எதுவும் சொல்லவில்லை என்கிறார். இருவருக்கும் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உண்மையில் என்னதான் ஆதாரம்?

செ., திருச்சி

அன்புள்ள செ.,

உங்கள் தம்பியின் முதல் கேள்வி நல்ல கேள்வி. இரண்டாவது சுமார்தான். முதலாவதிலிருந்தே தொடங்குகிறேன்.

பரிணாமத்துக்கு ஆதரவாகப் பேசுகிற பலர் சறுக்குவதும் இந்த இடத்தில்தான். மனிதனின் கை, வௌவாலின் இறக்கை, திமிங்கலத்தின் துடுப்பு மூன்றிலும் அதே எலும்புகள் இருக்கின்றன, ஆகவே மூதாதை ஒன்று என்று முடித்துவிடுவார்கள். சொல்வது சரிதான். ஆனால் படைத்தவன் ஒருவன் என்று நம்புகிறவரை அது அசைக்காது. நன்றாக வேலை செய்கிற ஒன்றை மறுபடியும் பயன்படுத்தப் படைப்பாளிக்கு என்ன தடை? எனவே வேலை செய்பவற்றை விட்டுவிட்டு, கெட்டுப்போனவற்றைப் பார்ப்போம்.

சுவடி பதிப்பித்தவர்களுக்கு இந்த வழி பழக்கமானது. ஒரு செய்யுள் ஐந்து ஏடுகளில் ஒன்றுபோலச் சரியாக இருந்தால், எதைப் பார்த்து எதை எழுதினார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்' என்பார்களே, அந்தக் கெடுதல்தான் துப்புக் கொடுக்கும். மூன்று ஏடுகளில் மட்டும் ஒரே அடி விடுபட்டு, ஒரே இடத்தில் பொருளில்லாத ஒரே எழுத்தும் கிடந்தால், அந்த மூன்றுக்கும் தாய் ஏடு ஒன்று என்று பதிப்பாசிரியர் தயங்காமல் சொல்லிவிடுவார்.

உயிர்களிடமும் அப்படிப் பிழைகள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது வைட்டமின் சி விவகாரம். நாய், பசு, ஆடு, எலி இவற்றுக்கு நெல்லிக்காயும் எலுமிச்சையும் தேவையில்லை. வைட்டமின் சியைத் தங்கள் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்ளும். நம்மால் முடியாது. வெளியிலிருந்து கிடைக்காவிட்டால் ஸ்கர்வி வந்து ஈறு வீங்கி, பழைய காயங்கள்கூடத் திறந்துகொண்டு சாக வேண்டியதுதான். வாஸ்கோ ட காமாவின் ஆட்கள் பலர் கோழிக்கோட்டிலிருந்து திரும்பும் வழியில் கடலிலேயே இப்படித்தான் செத்தார்கள். கப்பலில் இருந்த எலிகளுக்கு அந்த வியாதி வராது.

இந்த வைட்டமினைத் தயாரிப்பதில் கடைசிப் படிக்கு ஒரு நொதி வேண்டும். அதைச் செய்யும் மரபணுவின் பெயர் குலோ. அது நம்மிடம் இல்லவே இல்லை என்றால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். ஆனால் இருக்கிறது! நம் எட்டாவது குரோமோசோமில், பாதிக்கு மேல் அழிந்து, மிச்சமும் சிதைந்து, எதற்கும் உதவாமல் கிடக்கிறது. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான், மற்றக் குரங்குகள் எல்லாவற்றிடமும் இதே மரபணு பழுதாகித்தான் இருக்கிறது. அதுவும் எப்படி? மனிதனிடமும் சிம்பன்சியிடமும் ஒராங்குட்டானிடமும் டி.என்.ஏ.வின் வேதியெழுத்துகளில் ஒரே இடத்தில் அதே ஒரு எழுத்து விடுபட்டிருக்கிறது.

நம்மூர்த் தேவாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்க் காடுகளை அதற்கென்றே 2022-இல் சரணாலயமாக அறிவித்தார்களே, அதே பிராணி. குரங்குகளுக்குத் தூரத்து உறவு. தேவாங்கும் லெமூரும் இருக்கிற கிளையில் இந்த மரபணு இன்னும் ஒழுங்காக வேலை செய்கிறது. அதாவது பழுது ஏற்பட்டது அந்தக் கிளை பிரிந்த பிறகு, மற்றவர்களின் பொது மூதாதையிடம். ஏறக்குறைய 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்று கணக்கிடுகிறார்கள். பழம் தின்று வாழ்ந்த பிராணிக்கு அது நஷ்டமாகத் தெரிந்திருக்காது. கினிப்பன்றிக்கும் வைட்டமின் சி தயாரிக்க வராது. ஆனால் அதன் மரபணு கெட்ட விதம் வேறு. நம் வம்சத்தோடு சம்பந்தமில்லாமல் தனியாகக் கெட்ட ஏடு அது.

இப்போது உங்கள் தம்பியிடம் கேளுங்கள். நல்ல வடிவமைப்பை மறுபடி பயன்படுத்தலாம், சரி. உடைந்துபோன ஒன்றை, உடைந்த இடம்கூட மாறாமல், மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் வைத்துவிட்டு, தேவாங்குக்கு மட்டும் நல்லதாக ஒன்றை ஏன் கொடுக்க வேண்டும்? "அந்த மரபணுவுக்கு நமக்குத் தெரியாத வேறு உபயோகம் இருக்கலாம்" என்பார். இருக்கட்டும். நாளைக்கு ஏதாவது ஒரு உபயோகம் கண்டுபிடித்தாலும், யார் யாரிடம் எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்ற வரிசை அப்படியேதான் இருக்கும்.

இது ஒற்றைச் சாட்சி அல்ல. சில வைரஸ்கள் தொற்றும்போது தங்கள் மரபுச் செய்தியை நம் டி.என்.ஏ.வுக்குள் செருகிவிடும். விந்தணுவிலோ கருமுட்டையிலோ செருகினால் பரம்பரைச் சொத்தாகிவிடும். நம் மரபணுத் தொகுதியில் சுமார் 8 சதவீதம் இப்படி வந்து தங்கிய பழைய வைரஸ்களின் மிச்சம். செருகுவதற்கு முந்நூறு கோடி எழுத்துகளில் எத்தனையோ இடங்கள் இருந்தும், நம்மிடம் இருக்கும் மிச்சங்களில் மிகப் பெரும்பாலானவை சிம்பன்சியிடமும் அதே இடங்களில் இருக்கின்றன.

குரோமோசோம் எண்ணிக்கை இன்னொன்று. நமக்கு 46, சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் ஒராங்குட்டானுக்கும் 48. ஒரே வம்சம் என்றால் அந்த ஒரு ஜோடி எங்கே போயிற்று? தொலைந்திருக்க முடியாது, அத்தனை மரபணுக்களை இழந்து யாரும் பிழைக்க மாட்டார்கள். ஆகவே இரண்டு ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். குரோமோசோமின் நுனியில் வழக்கமாகத் திரும்பத் திரும்ப வரும் ஆறெழுத்து வரிசை ஒன்று உண்டு. நம் இரண்டாவது குரோமோசோமின் நடுவில் அது எதிரும் புதிருமாகக் கிடப்பதை 1991-இல் காட்டினார்கள். ஒட்டுப் போட்ட இடம் அதுதான். பரிணாமம் பொய் என்றால், அங்கே அப்படி ஒன்று இருக்க எந்த அவசியமும் இல்லை.

இதெல்லாம் குரங்குக் கதை என்று தோன்றினால், திமிங்கலத்துக்கு வாருங்கள். எனக்கு இதில்தான் சுவாரசியம் அதிகம், ஏனென்றால் நிபுணர்கள் அடித்துக்கொண்ட கதை இது. 1990-களில் மரபணுவைப் படித்தவர்கள், உயிரோடிருக்கும் விலங்குகளில் திமிங்கலத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் நீர்யானை என்றார்கள். புதைபடிவ ஆய்வாளர்கள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. பற்களை வைத்து, அழிந்துபோன ஊனுண்ணி வகை ஒன்றைக் காட்டினார்கள். பிறகு பாகிஸ்தானில் காலோடு கூடிய ஆதித் திமிங்கலங்களின் கணுக்கால் எலும்புகள் கிடைத்தன. 2001-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக வெளியிட்டன. மான், மாடு, பன்றி, ஒட்டகம், நீர்யானை இந்தக் கூட்டத்துக்கு மட்டுமே உரிய அமைப்பு அந்த எலும்பில் இருந்தது. மரபணுக்காரர்கள் சொன்ன பக்கம் எலும்பே சாட்சி சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பில் இருந்த பிலிப் ஜிஞ்சரிச் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். அவர்தான் அந்த இரண்டு குழுக்களில் ஒன்றின் தலைவர்!

இதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. இந்திய நிலவியலாளர் ஏ. ரங்க ராவ் ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியில் சேகரித்த பாறைகளில் பல, அவர் இறந்த பிறகும் உடைக்கப்படாமலே இருந்தன. அவை அவர் மனைவி வழியாக ஹான்ஸ் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் போய்ச் சேர்ந்தன. சுத்தம் செய்யும்போது ஒரு மண்டையோட்டின் காது எலும்பு தற்செயலாக உடைய, உள்ளே திமிங்கலக் குடும்பத்துக்கே உரிய தடித்த சுவர் தெரிந்தது. இந்தோஹையஸ் என்ற அந்தப் பிராணி சின்ன மான் அளவுதான், நாலு கால், குளம்பு. 2007-இல் அறிவித்தார்கள். கட்ச் பகுதியிலும் ஆதித் திமிங்கலங்களின் எலும்புகள் நிறையக் கிடைத்திருக்கின்றன.

"யார் பார்த்தது?" என்ற கேள்விக்குச் சுருக்கமாக. அமெரிக்காவில் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988-இல் பன்னிரண்டு குடுவைகளில் ஈ.கோலை பாக்டீரியாவை வளர்க்கத் தொடங்கினார். சுமார் 31,500 தலைமுறைக்குப் பிறகு ஒரே ஒரு குடுவையில், அதுவரை அவற்றால் பிராணவாயு இருக்கும்போது தின்ன முடியாத சிட்ரேட் என்ற உப்பைத் தின்னும் வகை தோன்றியது. பழைய தலைமுறைகளை உறையவைத்திருந்ததால், பின்னால் போய் எங்கே திரும்பியது என்றும் பார்க்க முடிந்தது. "அது இன்னும் பாக்டீரியாதானே" என்று உங்கள் தம்பி சொல்வார். ஆமாம், பாக்டீரியாதான். முப்பது ஆண்டில் அது யானையானால்தான் பரிணாமக் கோட்பாடு கவிழும். அப்புறம், குரங்கு மனிதனாக மாறியது என்று உயிரியலில் யாரும் சொல்வதில்லை. இன்றைய சிம்பன்சி நமக்குப் பங்காளி, பாட்டன் அல்ல.

மாமனாரிடம் சண்டை வேண்டாம். தசாவதாரம் அழகான கதை வரிசை. ஆனால் மீன், ஆமை, பன்றி, நரசிம்மம் என்று ஏறும் படிக்கட்டு அது. பரிணாமம் சொல்வது கிளைவிடும் மரத்தை. நம் முன்னோர் வரிசையில் ஆமையும் இல்லை, பன்றியும் இல்லை. அவை தனிக் கிளைகள். அவதாரத்தில் கடவுள் ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே ஒரு காரியத்துக்காக வருகிறார். குலோ மரபணு எந்தக் காரியத்துக்காகவும் கெடவில்லை. சும்மா கெட்டது.

மகள் விஷயம். 2023-இல், சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் பாடநூல்களைத் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பிலிருந்து அந்தப் பகுதியை எடுத்தபோது 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அது இருக்கிறது, ஆனால் எத்தனை பிள்ளைகள் உயிரியல் எடுக்கப்போகிறார்கள்? தமிழ்நாட்டுப் பாடத்திட்டப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்று ஒரு பாடமே உண்டு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இறக்கி அவளிடம் கொடுங்கள். தம்பிக்கும் ஒரு பிரதி அனுப்பலாம்.