சோக்கை மூடினால் வண்டி அணைகிறதா?

கேள்வி: தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஐப்பசியில் மகன் வெளியூர் போனதும் அவனுடைய 2016 மாடல் 100 சிசி வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம். தை கடைசியில் எடுத்தால், சோக் போட்டால்தான் ஸ்டார்ட் ஆகிறது. சோக்கை மூடியதும் அணைந்துவிடுகிறது. இன்ஜினைப் பிரிக்கணும் என்கிறார் மெக்கானிக். பனியில் இன்ஜின் கெட்டுவிட்டதா?

பதில்: இன்ஜினை இப்போதைக்குத் தொட வேண்டாம். நீங்கள் சொல்வது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் அடைப்பு என்பதன் அறிகுறி. பனி மேல் மட்டும் பழி போட முடியாது; வண்டி ஓடாமல் நின்றதுதான் முதல் காரணம்.

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் எப்போதும் தேங்கி நிற்கும். மாதக்கணக்கில் நின்றால் அதன் லேசான பகுதி ஆவியாகிப் போய், பிசின் மாதிரி ஒரு படிவு மிஞ்சும். ஆக்சிலரேட்டர் தராமல் இன்ஜின் ஸ்லோவில் ஓட பெட்ரோல் தருவது பைலட் ஜெட் என்ற சிறு துளையுள்ள பித்தளைத் துண்டு. அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது என்பதால் முதலில் அடைபடுவது அதுதான். சோக் போட்டால் காற்று குறைந்து, வேறு வழியாகப் பெட்ரோல் கூடுதலாக இழுபடும். அதனால்தான் அப்போது மட்டும் ஓடுகிறது.

முதலில் டேங்க் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்துவிடும். குளிர் கூடக்கூட பெட்ரோல் தாங்கும் ஈரமும் குறையும்; உங்கள் ஊர்ப் பனிக்கு இதில் பங்கு உண்டு. அடியில் தனி அடுக்கு தெரிந்தாலோ, வார்னிஷ் வாடை அடித்தாலோ முழுவதையும் இறக்கிவிடுங்கள். புது பெட்ரோல் ஊற்றிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள்.

அடுத்து கார்புரேட்டரைக் கழற்றி, பைலட் ஜெட்டைத் தனியே எடுத்து, கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்றால் ஊதச் சொல்லுங்கள். ஊசியோ குண்டூசியோ விட்டுக் குத்தக் கூடாது. பித்தளைத் துளை பெரிதானால் மைலேஜ் போய்விடும். காற்று ஸ்க்ரூவைக் கழற்றும் முன், முழுதாக உள்ளே போக எத்தனை சுற்று என்று எண்ணி வைத்துக்கொண்டால் திரும்பப் பொருத்தும்போது அதே அளவில் விடலாம். பெட்ரோல் டியூப் விறைத்திருந்தாலோ வெடித்திருந்தாலோ மாற்றிவிடுங்கள்.

அடுத்த முறை வண்டியை நிறுத்தும் முன் டேங்க்கை நிரப்பிவிடுங்கள். அரை டேங்க்கில் காலியாக உள்ள இடத்துக் காற்றின் ஈரம்தான் இரவுக் குளிரில் சுவரில் துளிர்த்துத் துருவாகிறது. பிறகு டேங்க்கிலிருந்து பெட்ரோல் வருவதை நிறுத்தும் திருகை (பெட்ரோல் காக்) 'ஆஃப்' செய்து, வண்டி தானாக அணையும்வரை ஓட விடுங்கள், கிண்ணம் காலியாகிவிடும். இதை மட்டும் ஐப்பசியில் செய்திருந்தால் இந்தக் கேள்விக்கே வேலை இருந்திருக்காது. ஓடிய ஆயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும், ஆகவே நிறுத்தும் முன்பே ஆயிலையும் மாற்றுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள்; திரும்பப் பொருத்தும்போது 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜ் போடுங்கள். சைலன்சர் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள், குளவி கூடு கட்டும். எடுக்கும்போது அந்தத் துணியை மறக்காமல் உருவிவிடவும்.

தார்ப்பாய் வேண்டவே வேண்டாம். தரையிலிருந்து எழும் ஈரத்தை அது உள்ளேயே பூட்டி வைக்கும். பழைய பருத்தி வேட்டி போதும்.

வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதைப் பலரும் பராமரிப்பு என்று நினைக்கிறார்கள். அது கெடுதல்தான். சூடேறாத இன்ஜினிலும் சைலன்சரிலும் நீர் தங்கிவிடும். ஓட்டுவதென்றால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள், இல்லையென்றால் அப்படியே விடுங்கள்.

வீட்டில் ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வண்டி (கார்புரேட்டர் இல்லாமல் பம்ப் மூலம் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) இருந்தால் பெட்ரோல் தீரும்வரை ஓட விடும் வேலையை அதில் செய்யாதீர்கள். பம்ப் டேங்க்குக்குள் இருந்து, பெட்ரோலால்தான் குளிர்கிறது. அதற்கு டேங்க்கை நிரப்பி வைத்தால் போதும். திரும்ப எடுக்கும்போது சாவியைப் போட்டு, பம்ப் சத்தம் நின்றபின் அணைத்து, இப்படி இரண்டு மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.