டயர் கல்லு மாதிரி இருந்தா பறக்குற ஃபீல் வருது, ஆனா டைம் ஏன் குறைய மாட்டேங்குது?

கேள்வி: அண்ணா வணக்கம். தண்டையார்பேட்டைல இருக்கேன், வயசு 29, வெயிட் 72 கிலோ. ஹைப்ரிட் சைக்கிள், 35 எம்எம் டயர். வாரத்துல மூணு நாள் காலைல காசிமேடு வழியா எண்ணூர் வரைக்கும் போயிட்டு வருவேன். போன மாசத்துல இருந்து டயர்ல காத்து 85 பிஎஸ்ஐ (காத்தோட அழுத்தத்த அளக்குற கணக்கு) அடிக்கிறேன், டயர் சைடுலயே மேக்ஸிமம் 85னு போட்டிருக்கு. வண்டி சும்மா பறக்குது. ஆனா போன்ல பாத்தா டைம் குறையவே இல்ல, சில நாள் ஒரு நிமிஷம் கூட ஆகுது. மணிக்கட்டு வேற வலிக்குது. ஆப் தப்பா காட்டுதா? இல்ல ஒல்லி டயரா மாத்திரட்டுமா?

பதில்: ஆப் சரியாத்தான் காட்டுது தம்பி. ஒல்லி டயரும் வாங்காதீங்க, காசு மிச்சம்.

சின்ன வயசுல ராயபுரத்துல நாங்க மணிக்கணக்குல வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டுவோம். ஒரு பலூன ஊதி பின் சக்கரத்துல ஸ்போக்ஸ் உரசுற மாதிரி கட்டிட்டா டர்ர்ர்னு புல்லட் சத்தம் வரும் பாருங்க, அவ்ளோதான், நான்தான் தெருவுலயே ஃபாஸ்ட்டுனு நெனப்பு. பலூன் பட்டுனு வெடிச்சதும் வண்டியே ஸ்லோ ஆன மாதிரி ஒரு சோகம் வரும். யோசிச்சா சிரிப்புதான் வருது, அந்த பலூன் உரசி உரசி சக்கரத்த புடிச்சு இழுத்துட்டுத்தான இருந்துச்சு, வெடிச்சப்புறம்தான் வண்டி ஃப்ரீயாவே ஓடிருக்கும்.

உங்க 85 பிஎஸ்ஐயும் அந்த பலூன் மாதிரிதான்.

நம்ம உடம்புல ஸ்பீடாமீட்டர்னு ஒண்ணு கிடையாது. காதுக்குள்ள இருக்குற பேலன்ஸ் உறுப்புக்கு வேகம் கூடுறதும் குறையறதும்தான் தெரியும், ஒரே வேகத்துல போயிட்டிருந்தா அதுக்கு ஒண்ணும் தெரியாது. அதனால மூளை அக்கம் பக்கத்துல விசாரிக்குது: சத்தம் எவ்ளோ, அதிர்வு எவ்ளோ, மூஞ்சில காத்து எவ்ளோ, பக்கத்துல செவுரு எவ்ளோ சீக்கிரம் ஓடுது. திருவொற்றியூர் ஹைரோட்டுல ஷேர் ஆட்டோ நாப்பதுல போனாலே உயிர கைல புடிச்சுனு உக்காருவோம், அதே ஊருக்கு விம்கோ நகர் மெட்ரோல அத விட வேகமா போறப்போ தூக்கம் வருது.

இப்ப டயருக்கு வருவோம். ஒரே ரோட்டுல வேகமா போகப் போக கைக்கு வர்ற அதிர்வு பொடிப்பொடியா, சீக்கிரம் சீக்கிரமா வரும், இத மூளை பல வருஷமா படிச்சு வெச்சிருக்கு. டயர்ல காத்த ஏத்தினாலும் அதே மாதிரி பொடி அதிர்வுதான் கைக்கு வருது. மூளை ரெண்டையும் பிரிச்சுப் பாக்காது, ஆஹா வேகம்னு முடிவு பண்ணிடுது. காத்து கொஞ்சம் கம்மியா இருக்குற டயர் அந்த அதிர்வ முழுங்கிடும், அதனால அதே வேகத்துலயும் வண்டி மந்தமா, ரப்பர் மாதிரி ஃபீல் ஆகும். டயர் சரியா செட் பண்ணிக் குடுத்தா திரும்பி வந்து "வண்டி டல்லாயிடுச்சுண்ணா"னு சொல்ற ஆளுங்கள நான் நிறைய பாத்துட்டேன், மீட்டர காட்டுன்னா காட்ட மாட்டாங்க.

சரி, டைம் ஏன் கூடுது? டயர் உருளும்போது ரெண்டு எடத்துல உங்க உழைப்பு வீணாகுது. ஒண்ணு, ரப்பரும் உள்ள இருக்குற நூல் துணியும் மடங்கி மடங்கி நிமிர்றதுல சூடா போறது. காத்து ஏத்தினா இது குறையும், இது உண்மை. வழவழன்னு இருக்குற இரும்பு உருளை மேல டயர ஓடவிட்டு லேப்ல அளந்தா காத்து ஏற ஏற நல்லதுன்னுதான் ரிசல்ட் வரும், ரொம்ப வருஷம் எல்லாரும் அதத்தான் நம்பினாங்க. ஆனா அந்த உருளைல பள்ளமும் கிடையாது, சீட்டுல ஆளும் கிடையாது. ரெண்டாவது நஷ்டம் ஆள் உக்காந்தாதான் வரும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ட நெனச்சுப் பாருங்க, ட்ரெய்லர் லாரி ஓடி ஓடி தார் அலையடிச்ச மாதிரி இருக்கும், ஜல்லி துருத்திட்டு நிக்கும். டயர் கல்லு மாதிரி இருந்தா ஒவ்வொரு ஜல்லிக்கும் வண்டி எழும்புது, வண்டியோட சேத்து உங்க 72 கிலோவும் குலுங்குது. அந்த குலுக்கல கையும் தொடையும் வயித்து சதையும் வாங்கி சூடாக்கி வெளிய விடுது, அந்த சூடு உங்க வேகத்துல இருந்து கழிஞ்சதுதான். டயர் கொஞ்சம் அமுங்குனா கல்ல அதுவே முழுங்கிட்டு போயிடும், நீங்க மேல ஏறி எறங்க வேணாம். மணிக்கட்டு வலி தனிப் பிரச்சினைன்னு நெனச்சிட்டீங்க போல, அது வேற ஒண்ணும் இல்ல, இந்த நஷ்டத்தோட ரசீதுதான்.

இது புதுசா ஒண்ணும் நடக்கல. 1888ல டன்லப் காத்தடிச்ச டயருக்கு பேடன்ட் வாங்கினாரு, அதுக்கு முன்னாடி கெட்டி ரப்பர்தான். 1889ல பெல்ஃபாஸ்ட்ல வில்லி ஹியூம்னு ஒருத்தர் அந்த குண்டு டயரோட ரேஸுக்கு வந்தாரு, பாத்தவங்க சிரிச்சாங்கனு சொல்வாங்க, கடைசில ஜெயிச்சது அவருதான். ரேஸ்காரங்களே ரொம்ப நாள் 23 எம்எம் டயர்ல கல்லு மாதிரி காத்தடிச்சு ஓட்டிட்டு இருந்தவங்க, இப்ப 28, 30னு அகலமா போட்டு காத்த குறைச்சுட்டாங்க. கருங்கல் பாவுன ரோட்டுல ஓடுற பாரிஸ்-ரூபே ரேஸுன்னா இன்னும் அகலம். அவனுங்களே அகலத்துக்குப் போயிட்டானுங்க, நீங்க எதுக்கு ஒல்லிக்குப் போறீங்க.

அந்த மேக்ஸிமம் 85ங்கறத பத்தி ஒரு வார்த்தை. அது இதுக்கு மேல போகாதேன்னு டயர் கம்பெனி போடுற கோடு, இவ்ளோ அடின்னு இல்ல. லிஃப்ட்ல எட்டு பேர்னு எழுதிருக்குன்னு எட்டு பேர் வர்ற வரைக்கும் யாராச்சும் வெயிட் பண்றோமா? உங்க வெயிட்டுக்கும் 35 டயருக்கும் பின்னாடி 50-55, முன்னாடி 45-50ல ஆரம்பிங்க, பின் சக்கரத்துலதான் வெயிட் அதிகம். ஆனா டயர் சைடுல மினிமம்னு ஏதாச்சும் போட்டிருந்தா அதுக்கு கீழ போகாதீங்க. ரொம்ப கம்மியானா பள்ளத்துல விழும்போது டியூப் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல நசுங்கி பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும், பாம்பு கடிச்ச மாதிரி. கட்டைவிரலால அமுக்கிப் பாக்குறதயும் விட்ருங்க. ஒரே ப்ரஷர்ல அகல டயர் விரலுக்கு கெட்டியாவும் ஒல்லி டயர் மெத்துன்னும் தெரியும், விரலும் ஏமாத்தும். மீட்டர் வெச்ச பம்ப் ஒண்ணு வீட்ல வாங்கி வெச்சுக்கோங்க. பஞ்சர் கடை கம்ப்ரஸர்ல அடிக்காதீங்க, அது லாரி டயருக்கும் அடிக்கிற மிஷின், சைக்கிள் டியூப் கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ரொம்பிடும்.

காத்து பத்தியும் சொல்லணும், அதான் வீசுற காத்து, ஏன்னா உங்க ரூட் கடலோரம். நீங்க 20ல போறப்போ பின்னாடி இருந்து 10ல காத்து தள்ளுனாலும் மூஞ்சில 10 அடிச்சுட்டேதான் இருக்கும், அதனால பின்காத்து இருக்குனே தெரியாது, இன்னைக்கு நம்ம செம்ம ஃபார்ம்ல இருக்கோம்னு தோணும். திரும்பும்போது அதே காத்து மூஞ்சில 30ஆ அடிக்கும், அப்ப மட்டும் காத்த திட்டுவோம். வெயில் காலத்து சாயந்திரம் தென்கிழக்குல இருந்து கடல்காத்து வர்றப்போ எண்ணூர் போறது ஜாலி, திரும்புறது பாடு. ஐப்பசி கார்த்திகைல வாடை அடிச்சா அப்படியே தலகீழ். ரெண்டும் சமமாயிடும்னு நெனைக்காதீங்க. போக 12 கிலோமீட்டர் வர 12, காத்தில்லாம 20ல ஓட்டுனா 72 நிமிஷம். போறப்போ 25, வர்றப்போ 15னு வெச்சுக்கங்க, 29 ப்ளஸ் 48, மொத்தம் 77. மெதுவா போற பாதிலதான் நேரம் நிறைய செலவாகுது. உங்க அந்த ஒரு நிமிஷத்துல இதுக்கும் பங்கு இருக்கலாம், அதனால டயர மட்டும் குத்தம் சொல்லிட முடியாது.

பெரிய கியர்ல தொடை எரிய மிதிக்கிறதும் இதே கேஸுதான். எரியுறது கஷ்டத்தோட அளவு, வேகத்தோட அளவு இல்ல. எர்ணாவூர் மேம்பாலம் ஏறும்போது பதினஞ்சு செகண்டுக்கு வலது முட்டி எத்தன தடவ மேல வருதுன்னு எண்ணுங்க. இருவதுன்னா நிமிஷத்துக்கு 80, நல்லா இருக்கு. பன்னெண்டு பதிமூணுதான் வருதுன்னா கியர இறக்குங்க, முட்டிக்கு நல்லது. கடைல உக்காந்து பாத்தா சோஃபா மாதிரி இருக்குற ஜெல் சீட்டும் ஒரு மணி நேரத்துல மரத்துப்போக வெக்கும்.

அதுக்காக உடம்பு சொல்ற எல்லாமே பொய்னு எடுத்துக்காதீங்க. வேகத்த பத்தி அது சொல்றதத்தான் நம்ப வேணாம். வலி, மரத்துப்போறது, தலை சுத்தல் இதெல்லாம் உண்மை. ரெண்டு வாரம் காத்த குறைச்சு ஓட்டியும் மணிக்கட்டு வலி போகலன்னா ஹேண்டில் உயரத்தையும் சீட்டோட சாய்வையும் பாக்கணும், அப்பவும் இருந்தா டாக்டர்.

என் பேச்சையும் அப்படியே நம்ப வேணாம், டெஸ்ட் பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை விடிகாலைல, லாரி வராத சின்ன இறக்கமா, எறங்குன உடனே ரோடு கொஞ்சம் மோசமா இருக்குற எடமா பாத்துக்கங்க. உச்சில இருந்து மிதிக்காம, பிரேக் தொடாம, ஒரே மாதிரி குனிஞ்சு உருட்டி விடுங்க, எங்க நிக்குதோ அங்க சாக்பீஸ்ல கோடு. ஒரு ப்ரஷருக்கு மூணு தடவ, அடுத்ததுக்கு மூணு, திரும்ப முதல் ப்ரஷருக்கு மூணு, நடுவுல காத்து திசை மாறிருந்தா அதுலயே தெரிஞ்சுடும். பம்ப் அடிக்கிறது நீங்களா இருக்கக் கூடாது, வீட்ல தம்பியோ ஃப்ரெண்டோ யாரயாச்சும் கூட்டிட்டுப் போங்க, எவ்ளோ அடிச்சான்னு உங்ககிட்ட சொல்லக் கூடாது, நீங்களும் டயர தொட்டுப் பாக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் உருட்டி முடிச்சதும் கோட்ட பாக்குறதுக்கு முன்னாடியே, ஸ்பீடா இருந்துச்சா ஸ்லோவா இருந்துச்சான்னு ஒரு பேப்பர்ல எழுதிடுங்க. ஒம்போதும் முடிஞ்சப்புறம் அவன்கிட்ட நம்பர கேட்டு பேப்பரையும் கோட்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க.