விலைப்பட்டியல் இல்லாத உணவகம்: கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பணி ஓய்வு பெற்ற நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து, சனிக்கிழமைதோறும் மதியச் சாப்பாடு போட்டு, விருப்பப்பட்டதைக் கொடுங்கள் என்று சொல்லும் உணவகம் ஒன்றைத் தொடங்க எண்ணுகிறோம். பாதிப் பேர் காசு கொடுக்காமல் எழுந்து போய்விட்டால் என்ன செய்வது?

பதில்: உங்கள் கவலை நியாயமானதுதான், ஆனால் இத்தகைய உணவகத்தைக் காசு கொடுக்காதவர்களைவிட அதிகமாகத் தள்ளாட வைக்கக்கூடியது வாடகைதான். ஒரு பேச்சுக்கு, அறுபது பேருக்கு மளிகை, காய்கறி, கேஸ், சமையல் மாஸ்டரின் கூலி எல்லாம் சேர்த்து 4,800 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். இலைக்கு 80 ரூபாய். முப்பது பேர் 120 ரூபாயும், பதினைந்து பேர் 80 ரூபாயும் போட்டு, மீதிப் பதினைந்து பேர் ஒன்றும் போடாவிட்டாலும் கணக்கு நேராகிவிடும். ஆனால் மாதம் 20,000 ரூபாய் வாடகைக்கு ஓர் இடம் பிடித்து, அதில் நான்கு சனிக்கிழமை மட்டும் அடுப்பு மூட்டினால், அதே இலையின் அடக்கம் 163 ரூபாயைத் தாண்டிவிடும்.

ஆகவே தனி இடம் வேண்டாம் என்பதே என் ஆலோசனை. 2007-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் தொடங்கிய கர்மா கிச்சன், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த உணவகம் ஒன்றில் வாரம் ஒரு நாள் மட்டும் தொண்டர்களைக் கொண்டு பரிமாறியது. சாப்பிட்டு முடித்தவருக்குப் பூஜ்யம் என்று எழுதிய பில் வரும். உங்கள் சாப்பாட்டுக்கு முன்னால் வந்தவர் கொடுத்துவிட்டார், நீங்கள் பின்னால் வருபவருக்குக் கொடுக்கலாம் என்பது அதன் பொருள். அந்தச் சிறு தாள், மேசையிலேயே ஒருவரை நிதானமாக யோசிக்க வைக்கிறது. உண்டியலை வாசலில் வைத்து, பக்கத்தில் ஒருவரை நிற்க வைத்தால் சாப்பிட்டவருக்குக் கூச்சம்தான் மிஞ்சும். கை கழுவும் இடத்துக்கும் வாசலுக்கும் நடுவே, யாரும் பார்க்காத கோணத்தில் வையுங்கள்.

எவ்வளவு கொடுப்பது என்று தெரியாமல் திகைப்பவர்களும் உண்டு. அவர்களுக்காக, இன்றைய இலைக்கு அடக்கம் இவ்வளவு என்று ஒரு கரும்பலகையில் எழுதி வைப்பது நல்லது; அது விலை அல்ல, தகவல். வியன்னாவில் 2005-இல் தொடங்கிய தீவான் என்னும் பாகிஸ்தானிய உணவகம் இன்னொரு வழியைக் கண்டது: சாப்பாட்டுக்கு விருப்பப்பட்ட தொகை, குளிர்பானத்துக்கு மட்டும் நிலையான விலை. உங்கள் பந்தியில் ஃபில்டர் காபிக்கு அப்படி விலை வைத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

லாபம் பார்க்கவில்லை, ஆகவே உரிமம் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், லாப நோக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதை உணவுத் தொழிலாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பதிவா உரிமமா என்பதை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் முதலிலேயே கேட்டு முடித்துவிடுங்கள்.

தொண்டர்களைப் பொறுத்தவரை, 1984-இல் கோலாலம்பூரில் தொடங்கிய அன்னலட்சுமி உணவகம் போன்ற இடங்கள் அவர்களை நம்பியே வளர்ந்தவை. எனினும் சமையலை மட்டும் கூலி வாங்கும் ஒரு மாஸ்டரிடம் ஒப்படைத்துவிடுங்கள். பரிமாற எட்டுப் பேரும் ஓடி வருவார்கள், மூன்று மணிக்கு அண்டா தேய்க்கத்தான் ஆள் இருக்காது. அந்த வேலை யாருக்கு எந்த வாரம் என்ற முறைப்பட்டியலை முதல் சனிக்கிழமைக்கு முன்பே எழுதி, சமையற்கட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.