மூச்சிரைப்பு நோய்க்குத் தொடையில் மின்தூண்டலா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. கடுமையான சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்). குளியலறை வரை நடந்தாலே இரைக்கிறது. தொடைக்கு மின்தூண்டல் கொடுக்கலாம் என்கிறார் பிசியோதெரபிஸ்ட். நுரையீரல் நோய்க்குத் தொடையில் எதற்குக் கரண்ட்?

பதில்: நுரையீரலை இது சரிசெய்யாது. நடமாட்டம் குறைந்து இளைத்துப்போன முன்தொடைத் தசையைத்தான் பலப்படுத்தும். மூச்சிரைப்பை அதிகம் கூட்டாமலே தசைக்கு வேலை கொடுப்பதால், நடைப்பயிற்சி தாங்காதவர்களுக்கு இது நல்ல தொடக்கம். நடக்கத் தெம்பு வந்ததும் நடையையும் சேர்த்தாக வேண்டும்.

முழங்காலை மடக்கி உட்காரவைத்து, கரண்ட் செலுத்தும் ஒட்டுப் பட்டைகளில் (பேட்) பெரிய ஒன்றைத் தொடையின் மேற்பகுதியிலும், மற்றதை முழங்காலுக்குச் சற்று மேலே உட்பக்கத் தசைமேட்டிலும் ஒட்டுவார்கள். பொதுவாக நொடிக்கு 50 துடிப்பு (50 ஹெர்ட்ஸ்), ஒவ்வொன்றும் 300–400 மைக்ரோசெகண்ட் நீளம். தினம் 30 நிமிடம், வாரம் 5 நாள், 6 முதல் 8 வாரம். தசை கண்ணுக்குத் தெரியும்படி இறுக வேண்டும். குறுகுறுப்போடு நிறுத்திவிட்டால் பலன் இருக்காது. பழகப் பழக கரண்டின் அளவைக் கூட்டுங்கள். வலிக்கு வைக்கும் டென்ஸ் கருவியை இதற்குப் பதிலாக வாங்கிவிடாதீர்கள். பேட் காய்ந்து ஓரம் தூக்கினால் கரண்ட் ஓரிடத்தில் குவிந்து சுள்ளென்று எரியும்; உடனே மாற்றுங்கள்.

பேஸ்மேக்கர், வலிப்பு, காலில் ரத்தக்கட்டு, தொடையில் புண் என ஏதாவது இருந்தால், தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.