மாமா விட்டுப்போன 1968 ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) துருப்பிடித்துக் கிடக்கிறது. மீட்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

மீட்கலாம். நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்கிறேன்: கடலூர் தேவனாம்பட்டினத்தில் மாமா வீட்டுக் கொட்டகை. 2011 டிசம்பர் தானே புயலில் தென்னை சாய்ந்து பானெட் நசுங்கியது. அதற்கப்புறம் யாரும் தொடவில்லை. கால் வைக்கும் இடத்தில் தரை தெரிகிறது. வந்து பார்த்த மெக்கானிக் எடைக்குப் போடச் சொல்லிவிட்டார். என்னிடமும் இதே மாடல், மார்க் 3 ஸ்பிட்ஃபயர் ஒன்று புதுச்சேரியில் இருக்கிறது. வில்லியனூர் ரோட்டில் ஒரு டிங்கர் பாய் பட்டறையில் கூடவே நின்று அதை எழுப்பினோம்.

நசுங்கிய பானெட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இந்த வண்டியில் முன்பக்கம் முழுக்க, மட்கார்டோடு சேர்த்து, ஒரே மூடியாக முன்னால் சாய்ந்து திறக்கும். போல்ட்டுகளைக் கழற்றினால் தனியே வந்துவிடும். வண்டியின் உயிர் கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் 'சில்' என்ற தகட்டுப் பெட்டியில் இருக்கிறது. ஸ்பிட்ஃபயரின் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், ட்ரையம்ஃபின் ஹெரால்டு காரிலிருந்து பிறந்ததுதான். ஆனால் ஹெரால்டில் இரண்டு பக்கமும் ஓடும் வெளிச்சட்டம் இதில் இல்லை, நடுச்சட்டம் மட்டுமே. பக்கங்களை சில்தான் தாங்க வேண்டும். மேலே கூரையும் கிடையாது. ஆக சில் இற்றுப்போனால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும்.

அதனால்தான் பாய் முதல் நாள் துரு பக்கமே போகவில்லை. "மொதல்ல கதவை மூடுங்க சார்" என்றார். நீங்களும் அதைச் செய்யுங்கள். கதவின் பின்விளிம்புக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா? மேலே இடித்துக்கொண்டு கீழே விரல் நுழைந்தால் பாடி தொய்ந்திருக்கிறது. கீல் தேய்ந்தாலும் கதவு தொங்கும் என்பதால், கதவைத் திறந்து தூக்கி ஆட்டி அதையும் பார்த்துவிடுங்கள். இடைவெளி சரியாக இருந்தால், தளத்தில் எத்தனை ஓட்டை இருந்தாலும் இது வெறும் தகடு வேலை. தொய்ந்திருந்தாலும் முடியும், ஆனால் பொறுமையும் பணமும் இரட்டிப்பாகத் தேவைப்படும்.

அடுத்து ஒரு சின்ன காந்தமும் பழைய ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொள்ளுங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பெயின்டுக்கு அடியில் பட்டி கனமாக இருக்கிறது என்று அர்த்தம். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் சில்லைத் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு கணீரென்று கேட்கும், இற்ற இடம் சொத்தென்று கேட்கும். அங்கே நுனியை வைத்து அழுத்துங்கள். தயவுதாட்சண்யம் வேண்டாம், எப்படியும் வெட்டப்போகும் தகடுதான்.

சில்லை வெட்டும் முன் ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும். பாடி சேசிஸில் போல்ட் போட்டபடியே இருக்கட்டும். வண்டியை மட்டமாக நிறுத்தி, கதவு வாசலில் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் குறுக்கே சதுரக் குழாய் வைத்து வெல்டு அடிக்க வேண்டும். கதவை மாட்டி மூட முடிகிற மாதிரி, குழாய் உள்பக்கமாகப் போகட்டும். அப்புறம் ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் மறுபக்கம். சில்லில் வெளித்தகடு, நடுவே பலத்தகடு, உள்தகடு என மூன்று அடுக்கு உண்டு. நம்மூர் டிங்கர்கள் பலர் வெளித்தகட்டை மட்டும் அழகாக மாற்றிவிட்டு நடுவில் இருப்பதை விட்டுவிடுவார்கள். பார்க்கப் புதுசு, பலம் பழசு. பாய் ஒவ்வொரு டாக் வெல்டுக்கும் (தகட்டைப் பிடித்துவைக்க அடிக்கும் சின்னப் பொட்டு வெல்டு) கதவை மூடித் திறந்து பார்த்தார். எனக்கு அலுத்தது, அவருக்கு அலுக்கவில்லை. ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுவதுபோல ஓட்டைமேல் ஃபைபர் ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். அடியில் ஈரம் தங்கி மிச்சத்தையும் தின்றுவிடும்.

இனி, கடற்கரையில் இருக்கும் நமக்கே உரிய தலைவலி. துருவைச் சுரண்டி எடுத்தாலும் அதன் குழிகளில் உப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வர்ட்டர் துருவைக் கறுப்பாக்கும், உப்பை எடுக்காது. அதன்மேல் பெயின்ட் அடித்தால் இரண்டு மழைக்காலத்தில் கொப்புளம் கிளம்பும். அதனால் சுரண்டியபின் நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, ஹீட் கன்னால் உலர்த்தி, அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடிக்க வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் மழைத்தண்ணீர் அல்லது பேட்டரித் தண்ணீர். தேவனாம்பட்டினத்துப் போர் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று புரியும். ஐப்பசி, கார்த்திகையில் பெயின்ட் வேலையே வேண்டாம். மாசி, பங்குனிக்குத் தள்ளிவிடுங்கள்.

மணலை வேகமாகப் பீச்சித் துருவை எடுக்கும் மணல் பிளாஸ்டிங் சேசிஸுக்கும் சஸ்பென்ஷன் பாகங்களுக்கும் நல்லது. கதவு, பானெட் போன்ற மெல்லிய தகட்டில் அடித்தால் அலை அலையாக நெளிந்துவிடும். பிராக்கெட் மாதிரி சின்னச் சாமான்களில் துரு எடுக்க சலவை சோடா கரைத்த தண்ணீரும் 12 வோல்ட் பேட்டரி சார்ஜரும் போதும். சாமானையும் ஒரு வேண்டாத இரும்புத் துண்டையும் ஒன்றையொன்று தொடாமல் அந்தத் தண்ணீரில் முக்கி, நெகட்டிவைச் சாமானிலும் பாசிட்டிவை இரும்புத் துண்டிலும் கொடுங்கள். அந்தத் துண்டு எவர்சில்வராக இருக்கவே கூடாது, அதிலிருந்து குரோமியம் கரைந்து நஞ்சாகும். ஹைட்ரஜன் கிளம்பும் என்பதால் திறந்த வெளியில் வையுங்கள். (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகான மொலாசஸில் ஊறவைத்தாலும் துரு போகும். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை பக்கத்திலேயே இருக்கிறதே என்று எனக்கும் ஆசை வந்தது. ஆனால் அது அரசுக் கட்டுப்பாட்டில் உள்ள பொருள், குடத்தை எடுத்துக்கொண்டு போய் வாங்கிவர முடியாது.) வேலை முடிந்ததும் சில்லின் உள்ளே கேவிட்டி வாக்ஸ் (உள்வெற்றிடத்தில் துரு ஏறாமல் காக்கும் மெழுகு) அடிக்க மறக்காதீர்கள். ஒரு துளை போட்டு நீளக் குழாயால் அடித்துவிட்டு ரப்பர் மூடியால் அடைத்துவிடலாம்.

பாகங்களுக்கு நாம் கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள். அந்த ஹெரால்டையே 1961 முதல் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்தார்கள். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டையும் வரைந்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டிதான். சஸ்பென்ஷன் வடிவமைப்பும் ஒன்றுதான் என்பதால் சென்னை புதுப்பேட்டையில் பழைய சாமானோடு போய் அளவு ஒத்துப்பார்த்தால் சிலது அகப்படும். ஹெரால்டுக்குப் பின் 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கெசல் காரின் பின் ஆக்சில் வேறு, அதை வாங்கிவிடாதீர்கள். இன்ஜினும் ஒரே குடும்பம், ஆனால் நம்மூர் ஹெரால்டு 948 சிசி, உங்களுடையது 1296. பிஸ்டனை இங்கிலாந்திலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருக்கும். சில், தளத் தகடுகளும் அங்கே இன்னும் புதிதாக விற்கிறார்கள். முன்சக்கரத்தில், சக்கரம் திரும்பும் தூணின் அடியில், ட்ரன்னியன் என்று ஒரு பித்தளைச் சாமான் இருக்கிறது. அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 கியர் ஆயில்தான். கிரீஸ் இறுகிப்போனால் உள்ளே இருக்கும் இரும்பு மரையில் துரு ஏறி ஒருநாள் முறியும், சக்கரம் மடங்கிவிடும். உங்கள் வண்டியில் இரண்டு பக்கமும் கழற்றிப் பார்க்காமல் ஒரு அடிகூட ஓட்டாதீர்கள்.

யாராவது "ஆம்னி இன்ஜின் தூக்கிப் போட்டுடலாம்" என்பார்கள். வேண்டாம். 2021இல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய வண்டிக்கு விண்டேஜ் பதிவு உண்டு. நம்பரில் விஏ என்று வரும். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் எதையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. கண்காட்சி, ரேலி, பெட்ரோல், பராமரிப்பு தவிர தினசரி ஓட்டவும் முடியாது. மாமாவின் ஆர்சி பெயர் மாற்றத்துக்கு வாரிசு என்ற முறையில் படிவம் 31 கொடுக்க வேண்டும். பட்டறைக்குப் பணம் கட்டும் முன் இதை முடித்துவிடுங்கள், சேசிஸ் நம்பர் தகட்டை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.

கடைசியாக அந்த நசுங்கின பானெட். புதிது வாங்குவதாக இருந்தாலும் அதைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதன் உள்சட்டமும் முன்கீல் குழாயும் நல்லபடி இருந்தால், டிங்கர் மேல்தகட்டை மட்டும் தட்டி எடுத்துவிடுவார். முடியாமல் போனாலும் அளவெடுக்க உதவும்.