காக்கையும் பனம்பழமும் கைலி மினோக்கும்

கேள்வி: சிறு வயதில் தொலைக்காட்சித் தொடரில் முகம் காட்டிய கைலி மினோக் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை, ஆள் வைத்துப் பாட்டு எழுதிப் பாடகி ஆக்கினார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை, குரலும் கிடையாது. இவரைப் போய் ஏ. ஆர். ரஹ்மான் இந்திப் படத்தில் பாட வைத்தார். நீங்களும் சென்ற இதழில் ‘சாதனையாளர்’ என்று எழுதுகிறீர்கள். எதில் சாதனை?
(கும்பகோணம் வாசகர் ஒருவர்)

பதில்: உங்கள் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1987-இல் கைலி லண்டனுக்குப் பறந்து சென்றபோது, ஸ்டாக், ஐட்கன், வாட்டர்மேன் என்ற தயாரிப்பாளர் மூவர் அவர் வருவதையே மறந்திருந்தார்கள். அவரை வெளியே காக்க வைத்துவிட்டு, உள்ளே நாற்பது நிமிடங்களில் அவசரமாக ஒரு பாட்டை எழுதிக் கொடுத்தார்கள் என்பது அவர்கள் தரப்பே பிற்பாடு சொன்ன கதை. ‘ஐ ஷுட் பி சோ லக்கி’ என்ற அந்தப் பாட்டு 1988-இல் பிரிட்டனில் ஐந்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. பாட்டின் பெயரிலேயே அதிர்ஷ்டம் இருப்பதால், உங்கள் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அப்படிக் காக்க வைத்ததற்காக மைக் ஸ்டாக் பின்னர் ஆஸ்திரேலியாவுக்கே போய் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அதே மரத்தில் இன்னொரு காக்கையும் உட்கார்ந்தது. ‘நெய்பர்ஸ்’ தொடரில் கைலி நடித்த மெக்கானிக் பெண் சார்லினுக்குக் கணவராக வந்த ஜேசன் டோனவனையும் இதே மூவர்தான் பாடகர் ஆக்கினார்கள். அதே தொடர், அதே ரசிகர்கள், அதே பட்டறை. இருவரும் சேர்ந்து பாடிய பாட்டு 1989 தொடக்கத்தில் பிரிட்டனில் முதலிடத்துக்கும் வந்தது. டோனவன் பின்னர் இசை நாடக மேடைகளில் மதிப்போடு நிலைத்தார் என்றாலும், பாப் தரவரிசையில் தொண்ணூறுகளின் முற்பாதிக்குப் பிறகு அவர் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கைலியோ 1980-களில் தொடங்கி 2020-கள் வரை ஐந்து பத்தாண்டுகளிலும் பிரிட்டனில் முதலிடம் பிடித்த ஆல்பம் வைத்திருக்கிறார். அந்தக் கணக்கை எட்டிய முதல் பெண் அவர்தான். உட்கார்ந்த மரமெல்லாம் பழம் உதிர்த்தால், கொஞ்சம் சந்தேகம் காக்கையின் மீதும் வர வேண்டாமா?

‘முகம் காட்டியவர்’ என்கிறீர்கள். 1979-இல் ‘தி சல்லிவன்ஸ்’ தொடரில் தலைகாட்டியபோது அவருக்குப் பதினொரு வயது. அதன் பிறகு பல ஆண்டுகள் அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்த வீட்டில் அப்போது பிரபலமான குழந்தை, தொலைக்காட்சிப் பாட்டு நிகழ்ச்சியில் வாராவாரம் வந்துகொண்டிருந்த தங்கை டேனிதான். குழந்தையாக இருந்தபோது நாடே கொஞ்சிய நட்சத்திரங்களை அவர்கள் வளர்ந்ததற்காக மக்கள் மன்னிப்பதில்லை. கைலியை யாரும் கொஞ்சாததால், அவர் வளர்ந்ததில் யாருக்கும் குறை ஏற்படவில்லை என்பது என் எண்ணம். 1986-இல் ‘நெய்பர்ஸ்’ தொடரின் சக நடிகர்களோடு ஃபிட்ஸ்ராய் கால்பந்துக் கழகத்துக்கான நிதி திரட்டும் நிகழ்ச்சியில் ஒரு பழைய அமெரிக்கப் பாட்டைப் பாடினார். அடுத்த ஆண்டு அதே பாட்டு இசைத்தட்டாகி ஆஸ்திரேலியாவில் ஏழு வாரங்கள் முதலிடத்தில் நின்றது.

இனி, உங்கள் கேள்வியில் இல்லாத பகுதிக்கு வருகிறேன். 1992-இல் அவர் அந்த மூவரில் ஒருவரான வாட்டர்மேனின் நிறுவனத்தை விட்டு வெளியேறினார். பொன் முட்டை இடும் இடத்தை விட்டு யாரும் போவதில்லை, இவர் போனார். 1995-இல், இருண்ட பாட்டுகளுக்குப் பேர்போன நிக் கேவுடன், கொலை செய்யப்படும் பெண்ணின் குரலாக ஒரு பாட்டைப் பாடினார். 1997-இல் பாட்டு வரிகளில் பெரும்பகுதியைத் தாமே எழுதிய ‘இம்பாசிபிள் பிரின்சஸ்’ ஆல்பம் முடிந்த நேரத்தில் இளவரசி டயானா இறந்துவிட, ‘பிரின்சஸ்’ என்ற சொல்லே உறுத்தும் என்று ஐரோப்பாவில் பெயரை நீக்கி வெளியிட்டார்கள். அது பிரிட்டனில் விலைபோகவில்லை. அதை வெளியிட்ட நிறுவனமும் அவரும் பிரிந்தார்கள். அதிர்ஷ்டசாலி என்று நீங்கள் சொல்லும் பெண்ணுக்கு முப்பது வயதில் கையில் ஒப்பந்தம் இல்லை. சினிமாவும் கைகொடுக்கவில்லை: 1994-இல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’, 1996-இல் ‘பயோ-டோம்’ இரண்டையும் அவருடைய ரசிகர்களே நினைவுபடுத்திக்கொள்ள விரும்புவதில்லை.

அங்கிருந்து அவர் திரும்பி வந்ததைத்தான் நான் சாதனை என்றேன். 2000-இல் ‘ஸ்பின்னிங் அரவுண்ட்’ பிரிட்டனில் முதலிடம்; அதே ஆண்டு சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவில் பாடினார். 2001-இல் ‘கான்ட் கெட் யூ அவுட் ஆஃப் மை ஹெட்’. இதைக் கேத்தி டென்னிசும் ராப் டேவிசும்தான் எழுதினார்கள். ‘ஆள் வைத்து எழுதிய பாட்டு’ என்பது உண்மையே. வேறிடங்களில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்ட அந்தப் பாட்டின் மாதிரிப் பதிவைச் சில நொடிகள் கேட்டதுமே தமக்கு வேண்டும் என்று பிடித்துக்கொண்டவர் கைலி. பிறர் எழுதிய பாட்டைப் பாடுவது குற்றம் என்றால், நம் திரையிசையில் எத்தனை பாடகர்களுக்கு விடுதலை கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

குரல் மெல்லியது என்பதை நான் மறுக்கவில்லை. அறிமுகக் காலத்தில் பத்திரிகைகளே அவரைப் ‘பாடும் பட்ஜி’ (பட்ஜி என்பது ஒரு சிறு கிளி) என்று கேலி செய்தன. ஆனால் நடன இசையில் தாளமும் பாஸ் எனும் தாழ்ந்த ஒலியும் கீழே இடத்தை அடைத்துக்கொள்ளும். அவற்றின் மேல் துலங்கித் தெரிவதற்கு மெல்லிய, கூர்மையான குரலே ஏற்றது. ஒரே வரியைப் பல முறை பாடிப் பதிந்து அடுக்கும்போது ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் மயிரிழை விலகினாலும் கலங்கலாகக் கேட்கும். அந்த ஒழுங்கு கைலிக்கு உண்டு.

2005 மே மாதம் மார்பகப் புற்றுநோய் என்று தெரியவந்து சுற்றுப்பயணத்தை நிறுத்தியவர், 2006 நவம்பரில் அதே பயணத்தைச் சிட்னியில் மீண்டும் தொடங்கினார். அவருடைய நோய்ச் செய்தி வெளியான நாள்களில் ஆஸ்திரேலியாவில் மார்பகப் பரிசோதனைக்கு முன்பதிவு செய்த பெண்களின் எண்ணிக்கை சட்டென்று உயர்ந்தது. 2004-இல் கிராமி விருது பெற்றவர், ‘படாம் படாம்’ பாட்டுக்காக 2024-இல் மீண்டும் பெற்றபோது அவருக்கு வயது 55.

ரஹ்மான் விஷயம்: 2009-இல் ‘ப்ளூ’ படத்துக்காகச் சோனு நிகமுடன் கைலி பாடிய ‘சிக்கி விக்கி’ இருவருக்குமே பெருமை சேர்க்கும் பாட்டு அல்ல என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். அதை வைத்து அவரை எடைபோட்டிருந்தால் உங்கள் கோபம் புரிகிறது. 1997 ஆல்பத்தை ஒரு முறை முழுதாகக் கேட்டுவிட்டு, ‘குரலும் கிடையாது’ என்ற வரியை மட்டும் மறுபடி எழுதி அனுப்புங்கள். அப்போதும் அது மாறவில்லை என்றால் அப்படியே அச்சிடுகிறேன்.